ஃபோர்டு டாரஸ் எஸ்.எச்.ஓ: இன்ஜினை விடுங்கள், மற்றதைப் பாருங்கள்

டாரஸின் வேக வகையான எஸ்.எச்.ஓ.வின் (சூப்பர் ஹை அவுட்புட்) பானட்டைத் தூக்கியதும் கண்ணில் படுவது பன்னிரண்டு அலுமினியக் குழாய்கள்தான். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அளவில் வளைந்து கிடக்கும். கீழே இருப்பது யமஹா ஜப்பானில் கட்டி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய 3.0 லிட்டர் வி6. பானட்டை மூடிவிட்டால் வெறும் டாரஸ். அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கிவந்த அதே நாலு கதவு வண்டி.

1989 மாடலாக வந்தபோது விலை 20,000 டாலருக்குச் சற்றுக் கீழே. 24 வால்வு, அவற்றைத் திறக்கும் நான்கு கேம்ஷாஃப்ட், 6,200 ஆர்.பி.எம்.மில் 220 குதிரைத்திறன், 4,800-ல் 200 பவுண்டு-அடி டார்க். சிவப்புக் கோடு 7,000-ல். 7,300-ல்தான் பெட்ரோல் துண்டிக்கப்படும். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை 7 விநாடிக்குள் தொட்டது. உச்ச வேகம் மணிக்கு 140 மைலுக்கு மேல், அதாவது 225 கி.மீ.யைத் தாண்டும். நடுவில் இன்ஜின் வைத்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஃபோர்டு இதே இன்ஜினைத்தான் மனதில் வைத்திருந்தது. அந்தக் கார் வராமலே போனது. இன்ஜின் மட்டும் குடும்பக் காருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த வண்டியின் பெருமையும் தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். இன்ஜின் ஒரு தரம்; அதைத் தாங்கும் கிளட்ச், டிஃபரன்ஷியல் (இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர்த் தொகுதி), பிரேக், மவுண்ட் எல்லாம் வேறு தரம். வாங்கியவுடன் குதிரைத்திறன் கூட்டக் கிளம்புகிறவர்கள் தப்பான முனையில் பணம் போடுகிறார்கள்.

முதலில், எந்த வருட வண்டி என்பது. 1989, 1990 வண்டிகளில் கியர் மாற்றும் இணைப்பு கேபிள் வழியாக. லிவரைத் தயிரில் விட்டுக் கிண்டுவதுபோல் இருக்கும். 1991-ல் அது கம்பி இணைப்பாக மாறியது, சக்கரமும் 15 அங்குலத்திலிருந்து 16 ஆனது. பழைய உடல் வடிவம்தான் வேண்டும் என்றால் 1991 வண்டியைத் தேடுங்கள். 1992-ல் உடல் வடிவம் மாறியது; அது 1995 வரை ஓடியது. 1993-லிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கிடைத்தது. அதோடு வருவது 3.2 லிட்டர் இன்ஜின்: சிலிண்டர் விட்டம் 89 மி.மீ.யிலிருந்து 92 மி.மீ.; திறன் அதே 220, டார்க் மட்டும் 215. ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படியே பந்தயத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். அதன் இன்ஜினை மட்டும் கழற்றி எடுக்கலாம். எப்படி என்பது பின்னால் வருகிறது.

வாங்கும்போது முதலில் தரையில் படுங்கள். குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் மாநிலத்தில் ஓடிய வண்டி என்றால், இன்ஜினைச் சுமக்கும் சப்ஃபிரேம் பாடியோடு சேரும் நான்கு மூலைகளையும், குறிப்பாகப் பின்னிரண்டையும், டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷைப் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்து உதிர்ந்தால் சப்ஃபிரேம் கீழே இறங்கும். ஸ்டியரிங் தண்டும் அதோடு இழுபடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து உள்ளே போனால், இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தரை சரி என்றால் ஓட்டிப் பாருங்கள். 4,000 ஆர்.பி.எம். வரை ஒரு வண்டி, அதற்கு மேல் வேறு வண்டி என்று தெரிய வேண்டும். காரணம் அந்தப் பன்னிரண்டு குழாய்கள். கீழ்வேகத்தில் நீளமான ஆறு மட்டுமே காற்று கொடுக்கும்; 4,000-ஐ நெருங்கும்போது உள்ளே உள்ள தகடுகள் திறந்து, குட்டையான மற்ற ஆறும் சேரும். அந்த மாற்றமே தெரியாமல், மேலே போகப் போக மூச்சு முட்டினால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் வெக்யூம் குழாய் விரிசல் விட்டிருக்கும், அல்லது தகடுகள் கார்பன் ஏறி ஒட்டியிருக்கும். நியூட்ரலில் த்ராட்டிலைத் தூக்கி, இன்டேக் பக்கத்தில் உள்ள சின்ன லிவர் அசைகிறதா என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

இன்னொரு குறையையும் பல பேர் தப்பாகப் படிப்பார்கள். சூடேறியதும் வண்டி திடீரென்று அணைந்து, கால் மணி நேரம் ஆறவைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் மாற்றுவார்கள், ரிலே மாற்றுவார்கள், சரியாகாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, இன்ஜின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். அது கிராங்க் புல்லிக்குப் பின்னால் டைமிங் கவருக்குள் இருக்கிறது. மேலே உள்ள வாட்டர் பம்ப் கசிந்தாலும், முன் கிராங்க் சீல் கசிந்தாலும் அதன்மேல்தான் வடியும். அதன் ஒயர் ஒழுங்காகக் கட்டப்படாவிட்டால் பெல்ட்டில் உரசி அறுந்தும் போகும். இரண்டாவது சந்தேகம், இன்டேக் மேல் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் மாட்யூல். அடியில் தடவிய வெப்பக் கடத்தி பசை காய்ந்துபோனால் சூடு வெளியேறாமல் மாட்யூல் வெந்துவிடும். புதியது போடும்போது பசை தடவாமல் போல்ட் இறுக்கினால் சீக்கிரமே இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

60,000 மைல் வேலை என்று எஸ்.எச்.ஓ.காரர்கள் சொல்வது ஒரு சடங்கு. சுமார் 96,000 கி.மீ.க்கு ஒருமுறை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கிராங்க் சென்சார், பிளக், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாம் ஒரே தடவையில். பெல்ட்டை மட்டும் மாற்றி மற்றதை விட்டால், அடுத்த கோடையில் பம்ப் கசியும்போது புல்லியை இழுப்பதிலிருந்து மொத்த வேலையும் மறுபடி செய்ய வேண்டும். பின்பக்க வால்வு கவரைத் தொட இன்டேக் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். வந்த கையோடு வால்வு இடைவெளியையும் அளந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்சாஸ்ட் 0.25 முதல் 0.35 மி.மீ. வால்வின் தலையில் கவிழ்ந்த கிண்ணம் போன்ற பக்கெட், அதன் மேல் இடைவெளியைச் சரிசெய்யும் வட்டத் தகடான ஷிம் வைத்த அமைப்பு. பக்கெட்டை அழுத்திப் பிடிக்கும் கருவி இருந்தால் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஷிம்மை மாற்றலாம். 24 வால்வையும் முதலில் அளந்து தாளில் எழுதிக்கொண்டு, பிறகு ஷிம்மைத் தொடுங்கள். ஒன்றிலிருந்து எடுத்தது இன்னொன்றுக்குப் பொருந்தும். புதிதாக வாங்க வேண்டியது கையளவுதான் இருக்கும். டக் டக்கென்று சத்தம் போடும் வால்வைவிடச் சத்தமே போடாத எக்சாஸ்ட் வால்வுக்குத்தான் பயப்பட வேண்டும். இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல், சீட்டுக்குச் சூட்டைக் கொடுக்க முடியாமல் கருகும்.

பிளக் ஓட்டைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் கவர் சீல் போய்விட்டது. அப்படியே பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும்; முதலில் உறிஞ்சி எடுங்கள். பிளக் முனையின் இடைவெளி 1.1 மி.மீ.

100,000 மைல் தாண்டிய 3.0 லிட்டரில் பந்தயம் ஓட்டுவதாக இருந்தால் கனெக்டிங் ராட் பேரிங் மாற்றாமல் டிராக் பக்கம் போக வேண்டாம். இந்த இன்ஜினுக்குள் உண்மையான பலவீனம் என்றால் அது ஒன்றுதான். 7,000 வரை தயங்காமல் சுற்றும் இன்ஜின் என்பதால் எல்லோரும் சுற்றுகிறார்கள், ஆர்.பி.எம். இரண்டு மடங்கானால் ராடை இழுக்கும் விசை நான்கு மடங்கு. அதோடு நீண்ட வளைவில் எண்ணெய் சம்ப்பின் ஓரமாக ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சினால் போதும். இன்ஜினை இறக்காமலே எக்சாஸ்ட் ஒய்-பைப்பையும் ஆயில் பேனையும் கழற்றிக் கீழிருந்து பேரிங் மாற்றலாம். பிளாஸ்டிக் அளவு நூல் வைத்துப் பேரிங் இடைவெளியைப் பார்க்காமல் மூட வேண்டாம். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் அடுத்த நாளுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

இன்ஜின் விஷயம் இவ்வளவுதான். இனிதான் செலவு.

ஐந்து கியர் மேனுவல் பெட்டியில் பற்கள் தாங்கும், டிஃபரன்ஷியல் தாங்காது. சக்கரம் ஒன்று வழுக்கிச் சுற்றும்போது உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் தங்கள் அச்சுக் கம்பியான 'பின்' மேல் வெறித்தனமாகச் சுழல்கின்றன. பின் மேல் உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, கியர் பின்னோடு ஒட்டிப் பிடித்து, பின்னைப் பூட்டியிருக்கும் சிறு கம்பியை வெட்டிவிடும். பிறகு அந்தப் பின் பெட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கால் மைல் நேர்க்கோட்டுப் பந்தயத்தில் 4,000 ஆர்.பி.எம்.மில் கிளட்சை எகிறவிட்டு டயர் புகைவிடும் வீடியோ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் புகைக்கு விலை முழு கியர்பாக்ஸ். தீர்வு, குவைஃப் நிறுவனம் செய்யும் கியர் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு இழுவை தருவது. தேய்கிற தட்டுகள் இல்லாததால் பராமரிப்பும் இல்லை. ஆனால் ஒரு சக்கரம் முழுதாகக் காற்றில் தூக்கிக்கொண்டால் இது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளும். ஆகவே வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் முன் ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிப்பாக்காதீர்கள், பின்பக்கத்தைத் தடிப்பாக்குங்கள். பின் உள்சக்கரம் தூக்கினால் தூக்கட்டும், இழுப்பது முன்சக்கரம்தானே. இந்தப் பெட்டியில் கியர் ஆயில் ஊற்றக்கூடாது. மெர்கான் வகை ஆட்டோமேட்டிக் எண்ணெய்தான். தடித்த கியர் ஆயில் ஊற்றினால் குளிரில் இரண்டாவது கியர் விழவே மறுக்கும்.

கிளட்ச் மாற்ற சப்ஃபிரேமை இறக்க வேண்டும். அதனால் கூலி பாகத்தைவிட அதிகம். இறக்கிய நேரத்திலேயே ரிலீஸ் பேரிங், பின் கிராங்க் சீல், சப்ஃபிரேமின் நான்கு புஷ், இன்ஜின் மவுண்ட், லிமிடெட் ஸ்லிப் எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்வது. கிளட்ச் கேபிளைத் தானாக இறுக்கும் பல் சக்கரம் பெடலுக்கு மேலே இருக்கிறது. அதன் பல் தேய்ந்தால் பெடல் திடீரென்று தரையில் விழும். கிளட்ச் தட்டு போய்விட்டது என்று பெட்டியை இறக்கும் முன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு அதைப் பார்த்துவிடுங்கள்.

சப்ஃபிரேம் புஷ்ஷுக்கு ரப்பரைவிடக் கடினமான யூரித்தேன் போட்டால் வண்டி ஒரே துண்டாக வளைவில் திரும்பும். இன்ஜின் மவுண்ட்டிலும் யூரித்தேன் போட்டால் ஐடிலில் ஸ்டியரிங், டாஷ்போர்டு, பல் எல்லாம் அதிரும். தினமும் ஆபீசுக்குப் போகும் வண்டி என்றால் மவுண்ட் புதிய ரப்பரிலேயே இருக்கட்டும்.

பிரேக்தான் இந்த வண்டியின் வெட்கக்கேடு. ஏறக்குறைய 1,500 கிலோ வண்டி, அதில் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல். அதை நிறுத்துவதற்குக் கொடுத்த முன் டிஸ்க்குகளோ சாதாரண டாரஸுக்கே போதாத சிறிசு. நெடுஞ்சாலையில் ஒருமுறை பலமாக அழுத்தினால் பிடிக்கும். டிராக்கில் மூன்றாவது சுற்றில் பெடல் மிருதுவாகிவிடும், ஐந்தாவதில் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பல நேரம் பேட் சரக்கு சீராக இல்லாமல் அதன்மேல் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். டிராக் பேட்டும் புதிய டாட் 4 திரவமும் போட்டால் ஓரிரு சுற்று கூடுமே தவிர, டிஸ்க்கின் அளவு மாறாது. சரியான வழி மஸ்டாங் கோப்ராவின் 13 அங்குல முன் டிஸ்க்கும் இரட்டைப் பிஸ்டன் கேலிப்பரும். கவனிக்க வேண்டியவை இரண்டு. மஸ்டாங் டிஸ்க்கின் போல்ட் வட்டம் 5×114.3, டாரஸுடையது 5×108. டிஸ்க்கைத் துல்லியமாகத் துளைபோட்டுத் தர வேண்டும், கேலிப்பருக்கு அடாப்டர் பிராக்கெட் வேண்டும். அடுத்து, 16 அங்குலச் சக்கரம் இதன்மேல் ஏறாது, 17 வேண்டும். சக்கரம் வாங்கிவிட்டுப் பிறகு பிரேக் வாங்குகிறவர்கள் சக்கரத்தை இரண்டு முறை வாங்குகிறார்கள். 1989 வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறைந்த செலவு நீண்டநேரப் பந்தயமான 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸில் காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புச் சாமான்கள் அந்தக் கணக்கில் சேராது. பிரேக்கும், சக்கரமும், டயரும்கூட அப்படிக் கணக்கில் சேராதவைதான். இந்த வண்டிக்கென்றே எழுதிய விதி போலிருக்கிறது.

சஸ்பென்ஷனில் கோனி டேம்பரும் சற்றே கடினமான ஐபாக் ஸ்பிரிங்கும் சோதித்துப் பார்த்த ஜோடி. டிராக்குக்கு முன்சக்கரக் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 2 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள், டோ (இரு சக்கரங்களும் முன்னால் உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூஜ்ஜியம். தொழிற்சாலை அமைப்பில் இந்தக் கேம்பர் வராது. டேம்பரை மேலே பாடியோடு பிடிக்கும் தட்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு நாளில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகும், உள் பாதி புதுசு போலவே இருக்கும். தொடர்ந்து வளைவுகள் உள்ள டிராக்கில் பவர் ஸ்டியரிங் எண்ணெய் கொதித்து டேங்கிலிருந்து வழியும், சூடான எக்சாஸ்ட்டில் பட்டால் புகையும். ஒரு சின்ன கூலர் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் பணம் மிச்சமிருந்தால் திறன் கூட்டலாம். தொழிற்சாலை ஒய்-பைப் நசுங்கிய குறுகல் குழாய்; அதை மாற்றுவதுதான் முதலில் பலன் தெரியும் வேலை. 55 மி.மீ. காற்று மீட்டருக்குப் பதில் 70 மி.மீ. போடுகிறவர்கள் அதற்கேற்ற அளவீடும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் உள்ளே வரும் காற்றைக் குறைவாகக் கணக்கிட்டு, பெட்ரோலைக் குறைத்து, சிலிண்டருக்குள் கட்டுப்பாடில்லாத வெடிப்பை (டெட்டனேஷன்) கொண்டுவரும். கம்ப்யூட்டரின் கணக்குகளை மாற்றும் சிப்பைப் பொருத்துவது அதன் பின்புற ஜே3 முனையில். தொழிற்சாலையில் அதன்மேல் பூசிய சிலிக்கோன் படலத்தைச் சுரண்டி, ஆல்கஹால் தொட்டுச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை துடைக்க வேண்டும். சிப் போட்டதும் வண்டி துள்ளுகிறது, அணைகிறது என்ற புகார்களில் முக்கால்வாசி இந்த அழுக்கு முனைதான். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் சிப்பைச் செருக வேண்டாம்.

ஆனால் டர்போவும் நைட்ரஸும் இல்லாமல் செய்யக்கூடியவற்றில் ஆகச் சிறந்தது, ஆட்டோமேட்டிக் வண்டியின் அந்த 3.2 லிட்டர் இன்ஜினை மேனுவல் வண்டியில் இறக்குவதே. ஆட்டோமேட்டிக்குக்கென்று அதன் கேம்ஷாஃப்ட்டைச் சாதுவாக்கியிருப்பார்கள். 3.0 மேனுவலின் கேம்ஷாஃப்ட்டுகளை அதில் மாற்றுங்கள், வால்வு இடைவெளியை மறுபடி முதலிலிருந்து பாருங்கள். கீழ்வேக இழுவை கூடும், 7,000-ம் கையில் இருக்கும். தொழிற்சாலையே இதைச் செய்து விற்றிருக்க வேண்டியது.

1996 முதல் 1999 வரை வந்த 3.4 லிட்டர் வி8-ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 235 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் மட்டும். கேம் ஸ்ப்ராக்கெட்டை உட்குழாயான கேம்ஷாஃப்ட் மேல் அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். ஒருநாள் அது நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் முடிந்தது. ஸ்ப்ராக்கெட்டை வெல்ட் செய்த ரசீது இல்லாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

2010-ல் திரும்பி வந்தது வேறு விலங்கு. 3.5 லிட்டர் இரட்டை டர்போ, 365 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், எடை ஏறக்குறைய 2,000 கிலோ. நேர்க்கோட்டில் பழைய வி6 இதன் பின்விளக்கைத்தான் பார்க்கும். லேப்டாப்பிலேயே திறன் கூட்டலாம். அப்படிக் கூட்டினால் பிளக் இடைவெளியை 0.7 மி.மீ. அருகே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிக அழுத்தத்தில் பொறி அணைந்து இழுவை விட்டுவிட்டு வரும். வாங்குவதானால் பெர்ஃபாமென்ஸ் பேக்கேஜ் வண்டி, 2.77-க்குப் பதில் 3.16 ஃபைனல் டிரைவும் நல்ல பேடும் அதில் உண்டு. இங்கேயும் அதே கதைதான்: டர்போ தாங்கும், அருகில் இருப்பது தாங்காது. வாட்டர் பம்ப் டைமிங் செயினால் ஓடுகிறது, இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. கசிந்தால் கூலன்ட் எண்ணெயில் கலக்கும். வெளியே சொட்டு விழாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், அன்றே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு இழுவை பிரித்துத் தரும் பி.டி.யு. பெட்டி எக்சாஸ்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அரை லிட்டர் எண்ணெயை மட்டும் நம்பி வாழ்கிறது. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று எழுதியிருப்பதை நம்பினால் எண்ணெய் தார் போலக் கெட்டியாகிக் கியர்கள் அரைபடும். டிராக் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் 75டபிள்யூ-140 சின்தெடிக் மாற்ற வேண்டும். வடிகால் போல்ட் இல்லாத பெட்டியாக இருந்தால் நிரப்பும் துளை வழியே மெல்லிய குழாயை விட்டு ஊசிப் பம்பால் உறிஞ்சுங்கள், வண்டி சூடாக இருக்கும்போதே. ஆறிவிட்டால் அது குழாயில் ஏறாது.